கெடிலக் கரையின் கொப்பரைகள்: திருவதிகை வட்டாரத்தில் நாட்டுச் சர்க்கரையின் வரலாறு

கரும்புச் சாற்றைக் காய்ச்சி, அதன் பாகை வெளியே வடித்துவிடாமல், நிறமும் மணமும் உள்ளேயே நிற்கும்படி ஆறவைத்துத் தேய்த்துப் பொடியாக்கிய பழுப்பு நிறச் சர்க்கரை தமிழ்நாட்டில் நாட்டுச் சர்க்கரை எனப்படுகிறது. அதே பாகை உருண்டையாகப் பிடித்தாலும் அச்சில் வார்த்தாலும் அது வெல்லம் ஆகிறது. மேலைநாட்டுச் சமையலறைகளில் பழுப்புச் சர்க்கரை என்று புழங்குவது பெரும்பாலும் வேறொரு பொருள். ஆலையில் வெண்மையாக்கிய சர்க்கரையின்மேல், அதிலிருந்து பிரித்தெடுத்த கழிவுப்பாகாகிய மொலாசஸை மீண்டும் பூசி அதைச் செய்கிறார்கள். ஒரு கோப்பைச் சர்க்கரைக்கு ஒரு கரண்டி மொலாசஸ் என்ற அளவில் வீட்டிலேயே கலந்துகொள்வோரும் அங்கு உண்டு. தமிழ்நாட்டில் மொலாசஸ் சாராயத்தின் மூலப்பொருள் என்பதால் 1958ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்ட சரக்காக இருந்துவருகிறது. மளிகைக் கடையில் கேட்டு வாங்கும் பண்டமாக அது ஆகவில்லை, ஆகவேண்டிய தேவையும் எழவில்லை. வெளுத்ததை மறுபடி பழுப்பாக்கும் வேலை இங்கு எதற்கு? பழுப்பே இங்கு முதலில் இருந்தது. அந்தப் பழுப்புச் சர்க்கரை பிறந்த இடம் அடுக்களை அன்று. உழவர் குடும்பம் தன் கரும்புக் கொல்லையின் ஓரத்தில் சில வாரங்களுக்கு மட்டும் நாட்டிக்கொண்ட ஆலையும் அடுப்பும்தான் அதன் வீடு. அந்த வீட்டுத் தொழிலை ஒரு பெருந்தொழிற்சாலை முதலில் வாடிக்கையாளராக அண்டி வந்து, பின்னர் போட்டியாளராக எதிர்நின்ற வரலாற்றைத் திருவதிகை முதல் நெல்லிக்குப்பம் வரையிலான கெடிலக் கரையில் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

திருவதிகை பண்ருட்டியை ஒட்டிக் கெடிலத்தின் கரையில் அமைந்த ஊர். சிவபெருமானின் வீரச் செயல்கள் நிகழ்ந்த எட்டு இடங்களாகச் சொல்லப்படும் அட்டவீரட்டங்களுள் திரிபுரம் எரித்த தலம் இதுவே. திருநாவுக்கரசர் சூலைநோய் நீங்கிச் சைவத்துக்குத் திரும்பியதும், அவர் தமக்கை திலகவதியார் திருத்தொண்டு செய்து வாழ்ந்ததும் இவ்வூரில்தான். தெற்கே நெய்வேலி, நிலக்கரி நகரியமாக உருவெடுத்தது 1956இல் நிலக்கரி நிறுவனம் அமைந்த பிறகு. அதற்கு மிக முன்பே இந்த வட்டாரத்தின் பொருளாதாரத்தை இருவகை நிலங்கள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. பண்ருட்டியைச் சூழ்ந்த செம்மண் மேடுகள் பலாவுக்கும் முந்திரிக்கும் உரியவை. கெடிலமும் தென்பெண்ணையும் படியவைத்த வண்டல் நிலம் நெல்லுக்கும் கரும்புக்கும் உரியது. ஏறத்தாழ ஓராண்டு முழுவதும் தண்ணீர் கேட்கும் பயிர் கரும்பு. ஆற்றுப் பாசனமும், வற்றாத கிணறும் இல்லாத இடத்தில் அது நிலைப்பதில்லை. ஆகவே வெல்லத்தின் வரலாறு இங்கு மேட்டை விட்டு ஆற்றை ஒட்டியே செல்கிறது.

தமிழகத்தில் கரும்பு காய்ச்சும் தொழிலுக்குச் சங்க இலக்கியச் சான்று உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்ற செய்தியை ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று சொல்கிறது. தொண்டை நாட்டுத் தலைவன் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையோ, ஓயாமல் ஒலிக்கும் எந்திரங்களையும் புகை சூழ்ந்த ஆலைகளையும், அவ்வழியே செல்வோர் அங்கு கருப்பஞ்சாறு பருகுவதையும் வருணிக்கிறது. எந்திரம், அடுப்பு, வழிப்போக்கருக்குச் சாறு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும் அந்தக் காட்சி, அண்மைக்காலம் வரை தென்னார்க்காட்டுக் கிராமத்து ஆலையை அறிந்த எவருக்கும் பழக்கமானதே. 7ஆம் நூற்றாண்டில், திருவதிகையில் தம் பாடல் வாழ்வைத் தொடங்கிய திருநாவுக்கரசர், இறைவனின் இனிமையைச் சொல்ல வந்த இடத்தில் கனிக்கு அடுத்தபடியாக வெறும் கரும்பைச் சொல்லாமல், காய்ச்சிக் கட்டியாக்கிய கரும்பைச் சொல்லும் திருவிடைமருதூர்ப் பதிகம் ஒன்று உண்டு. உவமை கேட்போருக்கு உடனே விளங்கவேண்டும். கட்டி வெல்லத்தின் சுவை அன்றைய அடியார் கூட்டத்துக்கு நன்கு தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆண்டாள் அழகருக்கு நேர்ந்துகொண்ட நூறு தடா அக்காரவடிசிலும் வெல்லம் தாராளமாகப் புழங்கிய ஒரு சமூகத்தில் பிறந்த கற்பனையே.

தொழில்முறையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் பின்னர் வந்த மாற்றங்கள் அனைத்தும் அதன் ஏதோ ஒரு படியைத்தான் தொட்டன. பழைய ஆலை என்பது செங்குத்தாக நிறுத்திய இரண்டு அல்லது மூன்று மர உருளைகள். நீண்ட நுகத்தடியில் பூட்டிய மாடுகள் சுற்றிவர, ஒருவர் உட்கார்ந்து உருளைகளுக்கிடையே கரும்பைக் கொடுத்துக்கொண்டிருப்பார். வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குமேல் போட்டுவைக்கக் கூடாது. வைத்தால் அதிலுள்ள இனிப்பு குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளந்து, எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது. பிழிந்த சாறு இயல்பாகவே சிறிது புளிப்புத் தன்மை உடையது, சூடேறும்போது அந்தப் புளிப்பே இனிப்பைக் கெடுக்கும் என்பதால் தெளிந்த சுண்ணாம்பு நீரை அளவறிந்து சேர்ப்பார்கள். சுண்ணாம்பு குறைந்தால் வெல்லம் கட்டாது, கூடினால் கறுத்துவிடும். வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி ஊறவைத்த வழுவழுப்பான நீரை ஊற்றும்போது, சாற்றில் மிதக்கும் அழுக்கு அதில் ஒட்டிக்கொண்டு நுரையாகத் திரண்டு மேலே வரும். துளையிட்ட கரண்டியால் அதை அள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கெண்ணெய் சிறிது தெளிப்பதும் வழக்கம். எரிக்க விறகு வாங்குவதில்லை, முன்தினம் பிழிந்து வெயிலில் உலர்த்திய சக்கையே அன்றைய அடுப்புக்குப் போதும்.

கொப்பரையில் சாறு மஞ்சளாகி, செம்பழுப்பாகி, குமிழிகள் பெரியனவாய்ச் சோம்பலாக வெடிக்கத் தொடங்கும்போது பதம் பார்ப்பவர் அருகில் வந்துவிடுவார். அவரிடம் வெப்பமானி இல்லை. துடுப்பில் எடுத்த பாகில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். மெத்தென்று உருண்டால் இன்னும் நேரமிருக்கிறது, கெட்டியாக உருண்டு தட்டில் போட்டால் ஓசை எழுப்பினால் இறக்கவேண்டும். இந்தப் பக்குவத்தை அளந்து பார்த்தவர்கள், கட்டி வெல்லத்துக்கு ஏறத்தாழ 118 பாகை செல்சியஸிலும் பொடிச் சர்க்கரைக்கு 120 முதல் 122 பாகையிலும் கொப்பரை இறங்குவதாகக் குறித்திருக்கிறார்கள். வெல்லத்துக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் இடையிலுள்ள தொலைவு அந்த இரண்டு முதல் நான்கு பாகைதான். அதைக் கையளவில் உணர்ந்தவரே ஆலையில் முதல் கூலிக்கு உரியவர். இறக்கிய பாகை அகன்ற மரத்தொட்டியில் ஊற்றி, ஓரங்கள் உறையத் தொடங்கும் நேரத்தில் மரக்கட்டையால் விடாமல் தேய்த்தால், பாகு கட்டியாகச் சேராமல் மணல்போல் உதிரும். தேய்ப்பது தாமதித்தால் தொட்டி முழுவதும் ஒரே பாறையாகிவிடும். முந்தினால் பிசின்போல் இழுத்துக்கொண்டு ஈரம் விடாது. நல்ல கரும்பில் 100 கிலோவுக்குச் சுமார் 10 கிலோ வெல்லம் தேறும்.

மார்கழியில் தொடங்கிச் சித்திரை வரை இந்த வேலை நடந்தது. வடகிழக்குப் பருவமழையில் நனையும் கடலோர மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வெல்லத்துக்குப் பகை. குளுக்கோஸும் உப்புகளும் கலந்த வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும் இயல்புடையது. அதனால் கோடைக்குள் காய்ச்சி, பானைகளில் அடைத்து வாய்கட்டி, அடுப்பின்மேல் உள்ள பரணில் புகைபடும்படி வைத்தனர். குடும்பத்தின் ஆண்டுத் தேவைக்கு எடுத்துவைத்தது போக மீதி பண்ருட்டி, கடலூர்ச் சந்தைகளுக்குப் போயிற்று. ஆலைக்கு யார் வந்தாலும் ஒரு செம்பு சாறும், பிள்ளைகளுக்கு இலையில் தடவிய இளம்பாகும் உண்டு. இதைக் கணக்கில் எழுதுபவர் எவரும் இல்லை.

இத்தொழில் உலக வணிகத்துக்குள் இழுக்கப்பட்டது 1830களில். பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களில் உற்பத்தி சரிந்தபோது, லண்டன் வணிகர்கள் இந்தியச் சர்க்கரையை நாடினர். அதுவரை இந்தியச் சர்க்கரைக்கு ஒரு ஹண்டிரட்வெயிட்டுக்கு, அதாவது சுமார் 50.8 கிலோவுக்கு, 32 ஷில்லிங் இறக்குமதித் தீர்வை இருந்தது. மேற்கிந்தியச் சர்க்கரைக்கோ 24 ஷில்லிங். 1836இல் வங்காளச் சர்க்கரைக்கு இந்த வேறுபாடு நீக்கப்பட்டு, சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்துக்கும் அச்சலுகை நீண்டது. கடலூரும் அதன் அருகே தேவனாம்பட்டினத்திலிருந்த செயின்ட் டேவிட் கோட்டையும் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் தளங்கள். திருவதிகைக் கோயிலும் கர்நாடகப் போர்களில் கோட்டையாகப் பயன்பட்டு 1750இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. கிழக்கே கடல், பக்கத்தில் துறைமுகம், ஆற்றோரம் கரும்பு, மேட்டில் பனை என்று எல்லாம் அமைந்த இந்த வட்டாரத்தைச் சென்னை வணிக நிறுவனங்கள் கண்டுகொண்டதில் வியப்பில்லை.

அவற்றுள் முதன்மையானது பாரி நிறுவனம். 1788இல் சென்னையில் வணிகம் தொடங்கிய தாமஸ் பாரி, 1824இல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு இறந்து கடலூரில் அடக்கம் செய்யப்பட்டவர். நெல்லிக்குப்பத்துச் சர்க்கரையை அவர் பார்த்ததில்லை. அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1842இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை அமைத்ததாக அதன் வரலாறு குறிக்கிறது. இங்கே கவனிக்கவேண்டியது, அந்த ஆலை தொடக்கத்தில் கரும்பு பிழியும் ஆலையாக இயங்கவில்லை என்பது. உழவர்கள் தத்தம் கொல்லையில் காய்ச்சிய கரும்பு வெல்லத்தையும், பனையேறிகளின் குடும்பங்கள் பதநீரிலிருந்து காய்ச்சிய பனை வெல்லத்தையும் விலைக்கு வாங்கி, கரைத்து, வடிகட்டி, வெண்மையாக்குவதே அதன் வேலை. அதாவது நீராவி எந்திரம் பூட்டிய அந்தத் தொழிற்சாலை, மாடு சுற்றிய நூற்றுக்கணக்கான வீட்டு ஆலைகளின்மேல் நின்றது. பழுப்பு வீட்டில் பிறந்தது. வெண்மைதான் தொழிற்சாலையின் பொருள்.

வெண்மைக்குக் கிடைத்த லண்டன் சந்தை நெடுநாள் நீடிக்கவில்லை. 1846ஆம் ஆண்டுச் சர்க்கரைத் தீர்வைச் சட்டம் கியூபா, பிரேசில் நாடுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரைக்கும் படிப்படியாகச் சம தீர்வை வழங்க, அடிமை உழைப்பு இல்லாத சர்க்கரை என்று இந்தியச் சரக்கைத் தூக்கிப்பிடித்த அதே நாடு அதைக் கைவிட்டது; இந்தியாவில் தொடங்கிய சர்க்கரை முயற்சிகள் பல அடுத்த இரண்டு ஆண்டுகளிலேயே முறிந்தன. நெல்லிக்குப்பம் தப்பியதற்கு அதன் சாராய வடிப்பு ஒரு முக்கியக் காரணம் எனலாம். வடிப்பாலையும் சர்க்கரை ஆலையும் சேர்ந்து 1897இல் கிழக்கிந்திய வடிப்பாலைகள் மற்றும் சர்க்கரைத் தொழிற்சாலைகள் என்ற நிறுவனமாகப் பதிவாயின, இன்றைய ஈ.ஐ.டி. பாரி என்ற பெயரின் முதல் மூன்று எழுத்துகள் அதன் எச்சம். 1914இல் அங்கே மிட்டாய்த் தயாரிப்பும் தொடங்கி, பாரி மிட்டாய் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகள்தோறும் போய்ச் சேர்ந்தது.

கரும்பு வழங்கிய அதே தமிழ் நிலம் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களையும் வழங்கியது. மொரீஷியஸ், பிரிட்டிஷ் கயானா, நேட்டால், பிஜி ஆகிய இடங்களின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் தென்னார்க்காடு உள்ளிட்ட வட தமிழக மாவட்டத்தார் பலர். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. டெமராரா என்ற பெயரில் இன்று சென்னைப் பேரங்காடிகளில் விற்கும் பழுப்புப் படிகச் சர்க்கரைக்குப் பெயர் தந்த நிலம், இந்தியக் கூலிகள் 1838 முதல் இறங்கிய கயானாவின் ஆற்றங்கரைதான்.

உள்ளூர் ஆலையின் தோற்றம் 1870களுக்குப் பின் மாறியது. பீகாரின் பிஹியாவில் மில்ன், தாம்சன் என்ற இருவர் வடிவமைத்த இரும்பு உருளை ஆலை நாடெங்கும் பரவ, மர உருளைகள் ஒவ்வொன்றாய் அடுப்பில் போயின. அதே அளவு கரும்பில் கூடுதல் சாறு கிடைத்தது. வாடகைக்கு எடுக்கவும் முடிந்தது. வீட்டு ஆலைக்கு இது நன்மை. ஆனால் 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம், நாணலினக் காட்டுக் கரும்போடு கலந்து பெற்ற கோ 205 முதலிய புதிய இரகங்கள் விளைச்சலை உயர்த்தியதும், 1932ஆம் ஆண்டுச் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் ஜாவாச் சர்க்கரைக்கு எதிராகச் சுங்க அரண் எழுப்பியதும் கணக்கைத் திருப்பின. இந்தியாவில் 30 சொச்சமாக இருந்த நவீன ஆலைகள் 5 ஆண்டுகளில் 130ஐத் தாண்டின. வெல்லத்தைக் கரைத்து வெளுப்பதைவிடக் கரும்பையே நேராகப் பிழிவது மலிவு என்ற நிலை வந்தபின், நெல்லிக்குப்பத்துக்கு உழவரின் கொப்பரை தேவைப்படவில்லை. உழவரின் கரும்பு மட்டுமே தேவைப்பட்டது.

விடுதலைக்குப் பிறகு இந்த உறவு சட்ட வடிவம் பெற்றது. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, ஒவ்வோர் ஆலைக்கும் கரும்புப் பகுதியை ஒதுக்கவும், விசையால் இயங்கும் சிறு ஆலைகளை உரிமத்துக்கு உட்படுத்தவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. சேத்தியாத்தோப்பிலும் பெரியசெவலையிலும் கூட்டுறவு ஆலைகள் எழுந்தன. கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.க. 671 இரகம், சர்க்கரைச் சத்து மிகுந்ததாய் ஆலைக்கும் வெல்லத்துக்கும் ஒருங்கே பொருந்தி, மாநில எல்லை கடந்தும் பரவியது. ஆலையின் வெட்டு உத்தரவு தாமதித்தாலோ நிலுவைத் தொகை வராது நின்றாலோ உழவர் மறுபடி கொப்பரைப் பக்கம் திரும்புவது வழக்கமாயிற்று. முதிர்ந்த கரும்பு வயலில் காய்ந்து எடை இழப்பதைவிட, வந்த விலைக்கு வெல்லமாக்குவது மேல் அல்லவா? 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததோடு கரும்பையும் படுக்கவைத்தது. சாய்ந்த கரும்பின் சாறு எளிதில் கெடும். அது ஆலைக்கும் ஆகாது, நல்ல வெல்லத்துக்கும் ஆகாது.

இன்று எஞ்சியிருக்கும் கொல்லை ஆலைகளில் மாடு இல்லை. டீசல் எந்திரமோ மின்மோட்டாரோ உருளைகளைச் சுற்றுகிறது. வெண்டைத் தண்டின் இடத்தை ஹைட்ராஸ் என்று ஆலைக்காரர் சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டு பிடித்துக்கொண்டது. கரும்பழுப்பாக இருக்கவேண்டிய பாகை அது சில நிமிடங்களில் பொன்னிறமாக்கும். வெளுத்த வெல்லமே தூய வெல்லம் என்று வாங்குவோர் நம்பும்வரை அந்தப் பொடி கொப்பரையை விட்டுப் போகப்போவதில்லை. வெல்லத்தில் அது விட்டுச்செல்லும் கந்தக டை ஆக்சைடு 70 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வெல்லத்தைவிட வெள்ளைச் சர்க்கரை மலிந்த ஆண்டுகளில், பாகில் மூட்டை மூட்டையாகச் சர்க்கரையையே கொட்டிக் கலப்பது மற்றொரு கேடு. ஒரு காலத்தில் வெல்லத்தைக் கரைத்துச் சர்க்கரை ஆக்கினார்கள், இப்போது சர்க்கரையைக் கரைத்து வெல்லம் ஆக்குகிறார்கள். நாட்டுச் சர்க்கரை நீரிழிவுக்கு நல்லது என்ற விளம்பரமும் இந்தக் கலப்படத்துக்குச் சற்றும் குறைந்த ஏமாற்று அன்று: அதிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், உடன் வரும் தாது உப்புகள் சுவைக்கும் மணத்துக்கும் உதவுமேயன்றி நோயை மாற்றா.

வீட்டில் நாட்டுச் சர்க்கரை செய்ய விரும்புவோர்க்கு எஞ்சியுள்ள வழி, பழைய தொழிலின் கடைசி இரண்டு படிகள் மட்டுமே. கருத்த, ஹைட்ராஸ் படாத வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி மண்ணும் சக்கைத் தூளும் நீக்கி, அடிகனத்த வாணலியில் ஒரு துளி எண்ணெயோடு காய்ச்சி, தண்ணீரில் விட்ட பாகு கெட்டியாக உருளும்போது இறக்கி, மரக்கரண்டியால் கைவிடாமல் தேய்க்கவேண்டும். மழைக்காலத்தில் இது கூடிவராது. பழைய கசிந்த வெல்லத்தில் எவ்வளவு தேய்த்தாலும் உதிராது. அது வெல்லத்தின் குற்றமே தவிரச் செய்பவரின் குற்றம் அன்று.

பொங்கல் திருநாளுக்கு 2022இல் தமிழ்நாடு அரசு நியாயவிலைக் கடைகள் வழியே வழங்கிய 21 பொருள்களில் வெல்லமும் இருந்தது. பல இடங்களில் அது உருகிக் கசிந்ததாகப் புகார்கள் எழுந்தன. அடுத்த ஆண்டு, 2023 பொங்கலுக்கு, பச்சரிசியும் 1000 ரூபாயும் தரப்பட்டன. உழவர்கள் கேட்டுப் போராடியபின் ஒரு முழுக்கரும்பும் சேர்ந்தது. இனிப்புக்கு வந்தது ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை.